விதைக்காத நிலத்தின் விளைச்சல்

எங்கள் தெருவில் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஆயா, கடைசியாக மிச்சமிருந்த ரெண்டு மாட்டையும் போன வருஷம் வித்துட்டாங்க. செம்பாக்கம் பக்கம் நாற்பது வருஷமா மாடு வைத்திருந்தவர். ஏன் ஆயா என்று கேட்டேன்.

"தீவனம் வாங்கிப் போட்டு கட்டுபடி ஆவல தம்பி. அவுத்துவுட்டா ரோட்டுக்குத்தான் போவுது. ரோட்டுக்குப் போனா புடிச்சி வண்டியில ஏத்திடறாங்க. முன்னல்லாம் வெயில் காலத்துல ஏரி உள்வாயில ஓட்டிவுட்டா, சாயந்தரம் வயிறு ரொம்பி தானா வூட்டுக்கு வரும்."

"அப்ப அவ்ளோ சாணியையும் என்ன பண்ணுவீங்க?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நெலத்துக்குத்தான். வேற எதுக்கு மாடு வெக்கறது? பால் அப்புறம்தான்."

கடைசி வரி மண்டையிலேயே தங்கிவிட்டது. மாடு என்றால் பால் என்று நினைக்கிற தலைமுறை நான். அவருக்கு மாடு என்றால் நெல். இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்கு நான் எழுதிக்கொண்ட உரை.

டிஸ்கி: நான் வரலாற்றுத் துறைக்காரன் இல்லை. பி.இ. படித்துவிட்டு பகலில் கோடு எழுதுகிறேன், ராத்திரியில் பழைய ஜில்லா ரிப்போர்ட்டுகள் படிக்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

ஒரு கிரவுண்டும் ஒரு காணியும்

முதலில் ஒரு அளவு. தாம்பரத்தில் மனை வாங்கிய எல்லோருக்கும் ஒரு கிரவுண்ட் என்றால் 2400 சதுர அடி என்று தெரியும். அது வானத்திலிருந்து வந்த எண் இல்லை. 24 கிரவுண்ட் சேர்ந்தால் ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர். நிலத்தைக் காணியில் அளந்த ஊர் இது. இன்று நாம் பத்திரத்தில் எழுதுவது அந்த வயல் அளவின் இருபத்து நாலில் ஒரு துண்டு.

அந்தக் காணிக் கணக்கில் இந்தப் பகுதியை முதன்முதலாக ஊர் ஊராக எழுதி வைத்தவர் தாமஸ் பார்னார்ட் என்ற கம்பெனி எஞ்சினியர். 1763-ல் ஆற்காடு நவாப் முகமது அலி சென்னையைச் சுற்றியிருந்த நிலப்பகுதியை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். பின்னாளில் செங்கல்பட்டு ஜில்லா ஆனது அதுதான். தாம்பரம், வேளச்சேரி, மாடம்பாக்கம் எல்லாம் அதற்குள். தனக்குக் கிடைத்தது என்ன என்று தெரிந்துகொள்ள கம்பெனி ஒரு சர்வே நடத்தியது. 1767 முதல் 1774 வரை பார்னார்ட் சுமார் 2000 ஊர்களின் விவரத்தைத் திரட்டினார்.

ரொம்ப நாள் இதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1960களில் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தரம்பால் இதைத் தோண்டி எடுத்துப் பேச ஆரம்பித்தார். பிறகு சென்னையில் இயங்கும் கொள்கை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜிதேந்திர பஜாஜ், எம்.டி. ஸ்ரீனிவாஸ் இருவரும் இதன் தமிழ் ஓலைக் கணக்குகளையும் சேர்த்துப் படித்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த வரலாற்றாளர் த்சுகாசா மிசுஷிமா இதே கணக்கை ஜி.ஐ.எஸ். வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தார். ஒரு ரெவின்யூ டேட்டாவுக்கு இவ்வளவு ரசிகர்கள் கிடைப்பது அபூர்வம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது விளைச்சலைத்தான். அன்றைக்கு ஒரு காணிக்கு எத்தனை கலம் நெல்? இன்றைய சராசரிக்குக் குறைவே இல்லை என்று ஒரு கட்சி, அப்படியெல்லாம் இல்லை என்று இன்னொரு கட்சி. கலத்தைக் கிலோவாக மாற்றுவதிலேயே சண்டை ஆரம்பித்துவிடும். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், நானூறு மரக்கால் ஒரு கரிசை என்பது வாய்ப்பாடு. மரக்கால் மட்டும் ஊருக்கு ஊர் வேற சைஸ்!

நானும் முதலில் அந்தச் சண்டைக்குள்தான் போனேன். ஆயா பேசிய பிறகு, அந்தக் கணக்கில் பயிர் வைக்காத நிலத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்னார்டின் கணக்கு வயலோடு நிற்கவில்லை. மலை, காடு, ஆறு, ஏரி, உப்பளம், தோப்பு, வீட்டுமனை, பயிரிடாமல் கிடக்கும் தரை எல்லாம் தனித்தனியே வருகிறது. ஊரின் ஒரு பங்குதான் நெல் வயல். மீதி எதற்கு?

ஒரு சின்ன கணக்கு

இது வரலாறு இல்லை, கூட்டல் கழித்தல். ஒரு ஹெக்டேர் நெல் வயல் என்று வைத்துக்கொள்வோம், அதாவது ரெண்டு காணிக்குக் கொஞ்சம் குறைவு. ரசாயன உரம் கிடையாது. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் போடச் சொல்வது இன்றைய வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு நாட்டு மாடு நாளைக்கு சுமார் 10 கிலோ ஈரச் சாணி போடும். வருஷத்துக்கு மூன்றரை டன்னுக்கு மேல். மேயப்போன இடத்தில் விழுவது போக, தொழுவத்தில் கிடைப்பது பாதி. கழித்த வைக்கோல், சாம்பல், சருகு எல்லாம் சேர்ந்து மக்கினால் ஒரு மாட்டுக்கு வருஷம் 2 டன் குப்பை தேறும் என்று வைக்கலாம். அப்படியானால் 12.5 டன்னுக்கு ஆறு மாடு வேண்டும்.

ஆறு மாடு என்ன தின்னும்? 250 கிலோ எடையுள்ள மாடு நாளைக்கு அதன் எடையில் ரெண்டரை சதவீதம், சுமார் 6 கிலோ உலர்தீவனம் எடுக்கும். வருஷத்துக்கு 2.3 டன். ஆறு மாட்டுக்குக் கிட்டத்தட்ட 14 டன். வயலில் நெல் 2.5 டன் விளைந்து, பழைய உயரமான ரகங்களில் வைக்கோல் அதைப்போல ஒன்றரை மடங்கு வந்தால்கூட வைக்கோல் 4 டன்னைத் தாண்டாது. பாக்கி 10 டன்?

அதுதான் மேய்ச்சல். மழையை நம்பிய சாதாரணப் புல்தரை ஹெக்டேருக்கு 2 டன் உலர்தீவனம் தந்தாலே நல்ல தரை. ஆக, ஒரு ஹெக்டேர் நெல்லுக்குப் பின்னால் அஞ்சு ஹெக்டேர் மேய்ச்சல்.

இது மேல் வரம்புதான். தழை உரம் போட்டு, ஏரி வண்டல் அடித்து, தொழுவுரத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் மூன்று மாடு, ஒன்றரை ஹெக்டேர் மேய்ச்சல் என்று வந்து நிற்கிறது. எக்செல்லில் எந்த எண்ணை எப்படி மாற்றினாலும் மேய்ச்சல் பூஜ்ஜியம் ஆகவே இல்லை. ஏர் பூட்டவும் கவலை இறைக்கவும் தேவையான மாடுகளை நான் தனியாகச் சேர்க்கக்கூட இல்லை.

பழைய விளைச்சல் அதிகமா குறைவா என்ற சண்டைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது: எவ்வளவு நிலத்தின் விளைச்சல் அது? வயலில் அறுத்த நெல்லில் ஒரு பங்கு, யாரும் விதைக்காத நிலத்தில் முளைத்துச் சாணியாக வயலுக்கு நடந்து வந்தது.

மாடு நடந்த வழி

இந்தச் சக்கரம் எப்படிச் சுற்றியது என்பது நம் ஊர் வருஷத்தைப் பார்த்தாலே புரியும். ஆடி ஆவணியில் சம்பா தொடங்கி தை வரை வயலில் பயிர் நிற்கும். மாட்டை அங்கே விட முடியாது. காலையில் மந்தை கூடும் வெளியில் எல்லா வீட்டு மாடும் சேரும். அங்கிருந்து மேய்க்கால் புறம்போக்குக்கும், வண்டலூர், நன்மங்கலம் பக்கத்துக் கரடுகளுக்கும் ஓட்டிப்போவார்கள். மயிலாப்பூருக்குப் பக்கத்தில் இன்றும் மந்தைவெளி என்று ஒரு பெயர் இருக்கிறது, மந்தையும் இல்லை, வெளியும் இல்லை.

தை அறுப்பு முடிந்தால் வயலில் அரிதாள். மாடு உள்ளே வந்து அதை மேய்ந்து அங்கேயே சாணி போடும். ஆட்டுக்காரரிடம் பேசி ராத்திரிக்கு வயலில் கிடை போடச் சொல்வார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்கு. சித்திரை வைகாசியில் ஏரி வற்றி உள்வாயில் அருகும் கோரையும் முளைக்கும். ஆயா சொன்ன மேய்ச்சல் அதுதான். மாடு மேய்ந்த அதே ஏரித்தரையிலிருந்து வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள். ஏரியும் ஆழமாகும், மணல்சாரி வயலுக்கும் கொஞ்சம் களி சேர்ந்து தண்ணி நிற்கும். தண்ணி வசதி உள்ள ஊரில் சொர்ணவாரியும் நவரையும் உண்டு. ஆனால் எல்லாக் காணியிலும் மூணு போகம் என்ற பேச்சே கிடையாது.

இதை நிர்வகிக்க ஆள் வேண்டாமா? உத்திரமேரூர் கல்வெட்டை குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் அவை, 919, 921-ஐச் சேர்ந்தவை. அந்தத் தேர்தலே எதற்கு என்று பார்த்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம், இன்னொன்று தோட்ட வாரியம். எங்கள் பக்கத்திலேயே மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துக் கோயில் ஒன்று இருக்கிறது. சாமி பெயர் தேனுபுரீஸ்வரர். தேனு என்றால் பசு. கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணுக்குள் இருந்த லிங்கத்துக்குப் பால் சொரிந்தார் என்பது தலபுராணம். புராணத்தை வைத்து வரலாறு எழுதக்கூடாதுதான். ஆனால் மேயப்போன பசு சாமியைக் கண்டுபிடிக்கும் கதை மேய்ச்சல் நிலம் இருந்த ஊரில்தான் பிறக்கும்.

தரிசு என்று ஒரு பெயர்

1780-ல் ஹைதர் அலி படையெடுப்பில் இந்த ஜில்லா சின்னாபின்னமானது. ஊர்கள் காலியாகின, மாடுகள் போயின, ஏரிகள் உடைந்து கிடந்தன. 1794-ல் கலெக்டராக வந்தவர் லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்த கதையில் குடையோடு நிற்கும் வெள்ளைக்காரர் இவர்தான். ஏரிகளைச் செப்பனிட்டார், அதே கையோடு வரியையும் கறாராக வசூலித்தார். அவருடைய 1799 அறிக்கை இன்றும் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம்.

பிளேஸ் காலத்திலும் அதற்குப் பிறகும் நடந்த ஒரு மாற்றம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிலத்தைப் பார்க்கும் கண்ணே வரிக் கணக்கின் கண்ணாகிவிட்டது. வரி தரும் நிலம், வரி தராத நிலம், அவ்ளோதான். பயிர் ஏறாத தரை தரிசு ஆனது. வரிக் கணக்குக்குப் புறம்பே போனது புறம்போக்கு. ஒரு கணக்குப்பிள்ளை வார்த்தையாகப் பிறந்தது, பிறகு மெட்ராஸ் பாஷையில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஊருக்கே உரம் தந்த நிலத்தின் பெயரால் இன்று ஆளைத் திட்டுகிறோம்.

அடுத்த காட்சி சைதாப்பேட்டை. 1860களில் கவர்னர் வில்லியம் டெனிசன் அங்கே ஒரு சோதனைப் பண்ணையைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை வரைக்கும் வந்து இறங்கியது. பண்ணையை ஒட்டி 1868-ல் தொடங்கிய விவசாயப் பள்ளிதான் 1906-ல் கோவைக்கு இடம் மாறி, இன்றைய தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வேர் ஆனது. பள்ளி வளர்ந்தது. கனமான சீமைக் கலப்பைகள் மட்டும் நம்ம ஊரில் எடுபடவில்லை. இழுக்கத் தெம்பான மாடு வேண்டும், மாட்டுக்குத் தீவனம் வேண்டும். திரும்பவும் அதே மேய்ச்சல்.

1889-ல் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேதியியலாளரை இந்திய விவசாயத்தை முன்னேற்ற வழி சொல்லும்படி அனுப்பினார்கள். நாடு முழுக்கச் சுற்றிவிட்டு 1893-ல் அவர் தந்த அறிக்கை பலருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். நல்ல இந்திய விவசாயி சராசரி ஆங்கில விவசாயிக்குச் சளைத்தவனில்லை, குறை அவனிடம் இல்லை, தண்ணீரும் எருவும் கிடைக்காததில்தான் என்று எழுதினார். எரிக்க விறகு இல்லாததால் வயலுக்குப் போகவேண்டிய சாணி வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது என்றார். அதற்கு அவர் சொன்ன மருந்து புதுக் கலப்பை இல்லை. ஊர்களுக்குப் பக்கத்தில் விறகுக்கும் தீவனத்துக்குமாக நிலம் ஒதுக்கி மரம் வளர்க்க வேண்டும் என்பது. அதாவது, விதைக்காத நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு வெள்ளைக்கார கெமிஸ்ட் நூத்திமுப்பது வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார்.

யாருடைய மேய்ச்சல்?

இங்கே நிறுத்தினால் இது ஒரு அழகான பொற்காலக் கதையாகிவிடும். நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் இதே ஜில்லாவிலிருந்து இன்னொரு அறிக்கை இருக்கிறது.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இங்கிருந்த பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். வயலில் உழைத்தவர்கள் அவர்கள், ஆனால் குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. ஊரின் தரிசு நிலத்தைக் கேட்டு மனு போட்டால், மிராசுதாரர்களுக்குத்தான் முன்னுரிமை என்று தட்டிவிடுவார்கள். அந்தக் குறிப்பின் தொடர்ச்சியாக 1892-ல் வந்த அரசாணையில்தான் பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலமும் பின்னாளில் எவ்வளவு கை மாறிப்போனது என்பது தனிப் பதிவு.

'ஊர்ப் பொது நிலம்' என்று நான் மேலே எழுதிய ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கேள்வியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊர் என்றால் யார்? சேரிக்கு மாடு எத்தனை, மேய்க்காலில் உரிமை எவ்வளவு? நிலத்துக்குச் சத்து திரும்பியது உண்மை. அந்தச் சத்தை வண்டியிலும் கூடையிலும் சுமந்தவருக்கு நிலம் போய்ச் சேரவில்லை என்பதும் அதே அளவு உண்மை. பழைய முறையை அப்படியே தூக்கி வைத்துக் கும்பிட என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

அறுந்த சக்கரம்

இருபதாம் நூற்றாண்டில் மூட்டை உரம் வந்தது. 1966-ல் ஐ.ஆர்.8 வந்தது. சாயாத குட்டை ரகம், உரம் போடப் போட விளைந்தது. பஞ்சத்தைப் பார்த்த நாடு, குறை சொல்ல எனக்கு வாய் வராது. அஞ்சு ஹெக்டேர் மேய்ச்சல் செய்த வேலையில் பெரும்பங்கை நாலு மூட்டை யூரியா செய்துவிட்டது. ஆனால் குட்டை ரகத்தில் வைக்கோல் குறைவு, மாட்டுக்குத் தீவனம் குறைந்தது. டிராக்டர் வந்ததும் மாடே குறைந்தது. மேய்க்காலைத் தேடி யாரும் போகவில்லை. தேடாத நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் தானாக முளைப்பார்கள்.

எங்கள் தெற்குப் புறநகரில் இது வேகமாக நடந்தது. ஆயக்கட்டு வயல் முதலில் மனையானது. வயல் போனதும் ஏரிக்கு வேலை போனது. வண்டல் எடுக்க ஆளில்லை, சாக்கடை மட்டும் வந்தது. மாடம்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி வழிந்த தண்ணி கடைசியில் போய்ச் சேரும் பள்ளிக்கரணைக் கழுவெளியை வெகுகாலம் தரிசாகவே எண்ணி, ஒரு பக்கம் குப்பை கொட்டினோம். 2007-ல் அதில் சுமார் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒன்றுக்கும் உதவாதது என்று எழுதி வைத்த நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்தது ஆக ஒரு வெள்ளம் தேவைப்பட்டது. முடிச்சூர்க்காரர்களுக்கு 2015 டிசம்பரை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பஞ்சாபிலிருந்து வந்த ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பில் பொது நிலத்துக்கு ஊர் ஊராக வழங்கும் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். தென்னிந்தியாவுக்கு என்ன பெயர் தெரியுமா? மந்தைவெளி, புறம்போக்கு. படித்தபோது எழுந்து ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து திரும்பப் படித்தேன்.

சரி, இப்ப என்ன?

செம்பாக்கத்தில் இனி சம்பா விளையாது, எனக்குத் தெரியும். ஆனால் படப்பை, மணிமங்கலம் தாண்டினால் இன்னும் வயலும் ஏரியும் மாடும் ஒன்றாக இருக்கும் ஊர்கள் உண்டு. அங்கே சக்கரம் முழுசாக அறுந்துவிடவில்லை. 2017-ல் ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க அரசு வழி செய்தது. அது சலுகை மாதிரி தெரியும், உண்மையில் ஒரு பழைய உரிமை. வரப்போரம் அகத்தியும் வேலிமசாலும், கிணற்றடியில் கொஞ்சம் கம்பு நேப்பியரும் வைத்தால், மேய்க்கால் தந்ததில் ஒரு பகுதியைச் சொந்த நிலத்திலேயே எடுக்கலாம். போகங்களுக்கு நடுவே தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மூட்டையில் ஒரு பங்கு குறையும். எல்லாமே தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்த ஊரின் மேய்க்காலை 'சும்மா கிடக்கிற இடம்' என்று யாராவது லே-அவுட் போட வரும்போது, அது சும்மா கிடக்கவில்லை என்று சொல்ல ஒரு கணக்கு கையில் இருக்க வேண்டும். நான் மேலே போட்டது அதற்கு ஒரு கச்சா வடிவம். உங்கள் ஊர் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

போன வாரம் இந்தக் கணக்கை ஆயாவிடம் சொன்னேன். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு அஞ்சு ஹெக்டேர் மேய்ச்சல் ஆயா, என்றேன். ஹெக்டேர் என்றால் என்ன என்று கேட்டார். ரெண்டு காணிக்குக் கொஞ்சம் கம்மி என்றதும் சட்டென்று புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார்.

"அஞ்சு எதுக்கு தம்பி? ஏரி ரொம்பி, வண்டல் அடிச்சா ரெண்டே போதும்."

எக்செல்லில் மாற்றிக்கொண்டேன்.